வயிற்றுவலிக்கு ஒரு வரிசை

டிப்போவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜருக்கு அவர் டைம்கீப்பர். டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் முகத்துக்கு நேரே அண்ணன், முதுகுக்குப் பின்னால் தராசு. எந்த பஸ்ஸை யார் எடுப்பது, யாருக்கு லீவு, யாருக்கு டபுள் டியூட்டி என்று பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. கம்பி போட்ட சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் ஒரு மர நாற்காலி, சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒன்றாகத் தகர வில்லைகள். வில்லையில் பஸ் நம்பர் இருக்கும். அவர் கையால் வில்லையை வாங்கினால்தான் வண்டி வாசலைத் தாண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியைத் தேய்த்தார். அதில் ஒரு நாளும் ஒருவனுக்கும் சலுகை காட்டியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

தராசு என்ற பட்டத்தில் பாதி மரியாதை, பாதி கிண்டல். கிண்டல் பாதி அவர் காதுக்கு எட்டவே இல்லை.

வயிற்றுப்புண் அந்த டிப்போவில் நோயாக மதிக்கப்படவில்லை. அது சீனியாரிட்டி. விடியற்காலை முதல் டிரிப்புக்கு வருகிறவன் வெறும் வயிற்றில் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றிக்கொள்வான். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று தண்ணீர் குடிக்க மாட்டான். சாப்பாட்டு டப்பா இன்ஜின் பக்கத்தில் கிடந்து வெந்து, திறக்கிற நேரத்தில் ஒரு வாடை அடிக்கும். முதுகு வலிக்கு ஒரு மாத்திரை, கண் சொக்காமல் இருக்க இன்னொரு டீ, அதற்குத் துணையாக ஒரு சிகரெட். இப்படி நாலைந்து வருஷம் ஓட்டினால் கல்லையே கரைக்கலாம், வயிறு எம்மாத்திரம். ஒவ்வொரு டிரைவர் சீட்டுக்கு அடியிலும் ரோஸ் நிற மருந்து பாட்டில் ஒன்று உருண்டுகொண்டிருக்கும். பிரேக் போட்டால் அது முன்னால் வரும், ஏற்றத்தில் பின்னால் போகும். புதிதாகச் சேர்ந்த டிரைவர் முதல் தடவை அந்த பாட்டிலை வாங்கி வந்த அன்று, "வாடா, பர்மனென்ட் ஆயிட்ட" என்று தோளில் தட்டுவார்கள்.

ஆனால் அதற்கு லீவு கேட்டால் மேனேஜருக்குச் சிரிப்பு வரும். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் சாட்சி, கை முறிந்தால் மாவுக்கட்டு சாட்சி, வயிற்றுவலிக்கு யாரைய்யா சாட்சி என்று கேட்பார். அவர் போட்ட சட்டம் சுலபமானது. ஆஸ்பத்திரியில் படுத்தால் லீவு, படுக்காவிட்டால் ஆப்சென்ட். அதாவது, வலி ஆரம்பிக்கிறபோது டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி வீட்டில் இரண்டு நாள் கிடந்து தேற்றிக்கொள்ள வழியில்லை. கட்டிலில் படுக்கிற அளவுக்கு முற்றவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. டிப்போவுக்கு ஸ்பேர் டிரைவர் ஒரே ஒருவர். அவரை ஸ்டெப்னி என்பார்கள். ஸ்டெப்னியை ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்துக்குத்தானே மாட்ட முடியும். ஒரு தடவை இரண்டு டிரைவர்கள் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். ஒரு பஸ் ஷெட்டிலேயே நின்றது. ஸ்டாப்பில் காத்திருந்த ஜனங்கள் டிப்போ வாசலுக்கு வந்து கத்தினார்கள். மேனேஜர் இருவருக்கும் மெமோ கொடுத்து, இன்க்ரிமென்டை நிறுத்தினார். திரும்பி வந்த இருவரும் தண்ணீர்க் குழாயடியில் கட்டிப் புரண்டார்கள். "உனக்கு வலியே இல்லடா, என் பொழப்புல மண்ணப் போட்டுட்ட!" என்று ஒருவன் கத்த, "உன் வயிறு மட்டும்தான் வயிறா?" என்று மற்றவன் பாய, வயிற்றுப்புண்காரர்கள் இரண்டு பேர் ஒருவர் வயிற்றில் ஒருவர் குத்திக்கொண்டதை டிப்போ மொத்தமும் நின்று பார்த்தது.

விலக்கிவிட்டவர் தராசுதான். அன்று சாயங்காலம் ஓய்வறையில் எல்லோரையும் உட்கார வைத்தார்.

"இனிமே யாரும் யாரையும் முந்த வேணாம். ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்த பிறகுதான் அடுத்தவர். முறை என்கிட்ட இருக்கும். நான் சொல்றப்போ போங்க, ஸ்டெப்னியை ரெடியா வெச்சிருக்கேன். மெமோவும் வராது, மண்ணாங்கட்டியும் வராது."

எழுத்தில் எதுவும் இல்லை. எழுதினால் மேனேஜர் கையில் மாட்டும் என்று எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டே கட்டுப்பாடு. முறையை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது; இன்றைக்குச் சிநேகிதத்துக்குக் கொடுப்பவன் நாளைக்குச் சரக்கு பாட்டிலுக்குக் கொடுப்பான். முறை வந்தும் போகாதவன் வரிசையின் வாலுக்குப் போய்விட வேண்டும்; இல்லாவிட்டால் வரிசை நகராது. எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அநியாயம் என்றைக்குத் தன் சொந்த முகத்தோடு வந்து நின்றிருக்கிறது?

நடந்தது என்னவென்றால், முறை வந்தவனுக்கு அன்றைக்கு வலி இருக்காது. இருந்தாலும் போய்விடுவான். விட்டால் மறுபடி எப்போது வருமோ? "எரியுது டாக்டர்" என்பான். குழாய் விட்டுப் பார்த்தால் புண் இருக்கத்தான் செய்யும், அதில் பொய் இல்லை. வெள்ளை விரிப்பில் ஃபேனுக்குக் கீழே நாலு நாள் சாய்ந்து கிடந்துவிட்டு முகம் தெளிந்து வருவான். முறை வராதவனுக்கு அன்றைக்குப் பார்த்து வயிறு பற்றி எரியும். அவன் ரோஸ் மருந்தை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு, அறுபது எழுபது ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுவான். சண்டை மட்டும் அறவே நின்றுபோயிற்று. தராசுக்கு அது போதும்.

இந்த விசித்திரத்தை முதலில் கண்டுபிடித்தவர் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. ஒருநாள் உள்ளே படுத்திருந்த டிரைவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்த தராசை அவர் தன் அறைக்கு அழைத்தார். மேசையில் பாதி குடித்த காபி ஆடை கட்டிப்போயிருந்தது.

"உங்க டிப்போ ஆளுங்களைப் பத்தி ஒண்ணு கேக்கணும். மத்த இடத்துலேர்ந்து அல்சர்னு வர்றவங்க எப்படி வருவாங்கன்னா, திடீர்னு நாலு பேர் வருவாங்க, அப்புறம் ரெண்டு வாரம் யாருமே வர மாட்டாங்க. நோய்னா அப்படித்தான் வரும். உங்காளுங்க மட்டும் ஒருத்தர் டிஸ்சார்ஜ் ஆகி வாசல் தாண்டினதும் அடுத்தவர் உள்ள வர்றார். ஒரு தடவைகூட ரெண்டு பேர் சேர்ந்து வந்ததில்ல. உங்க ஊழியர்களுக்கு நோய்கூட டைம்டேபிள் பாத்துத்தான் வருமா?"

தராசுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் வெளி ஆள் ஒருவர், அதுவும் படித்தவர், தன் ஏற்பாட்டைக் கவனித்திருக்கிறார். ஆதியோடந்தமாகச் சொன்னார். மேனேஜர் காதுக்குப் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? உங்க டிப்போலேர்ந்து வர்றவங்கள்ல பாதிப் பேர் வர வேண்டிய அவசியமே இல்லாதவங்க. மீதிப் பேர் எப்பவோ வந்திருக்க வேண்டியவங்க. சரியான நேரத்துக்கு வந்தவங்க ஒருத்தர்கூட இல்ல. இத விட்டுடுங்க. ரத்தம் கசிய ஆரம்பிச்சா அது யார் முறைன்னு கேக்காது."

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா வரிசைய எடுத்துட்டா அடிச்சுக்குவாங்க," என்றார் தராசு.

"மேனேஜர்கிட்ட நான் வேணா பேசறேன்."

"ஐயோ வேணாம்மா. இருக்கறதும் போயிடும்."

டாக்டரம்மா கையை விரித்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். தராசு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்ன கதையே வேறு. "டாக்டரம்மாவே அசந்துட்டாங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் விழாம எப்படி இவ்வளவு ஒழுங்கா அனுப்பறீங்கன்னு கேக்கறாங்க," என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என் தம்பிக்கு எப்போ முறை வருது?"

அந்த வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் தம்பியிடம்தான் போய் நிற்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய அம்மா போனபோது தம்பி இடுப்பில் தூக்கிவைக்கிற வயசு. அவள்தான் வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் அவன். பெற்ற பிள்ளையாக இருந்தால்கூட இவ்வளவு தாங்கியிருப்பாளா என்று தராசு அவ்வப்போது பொருமுவார். ஆனாலும் அவனுக்கு டிரைவிங் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்ததும், டிப்போவில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அன்றிலிருந்து வந்தது வினை. 'தராசு இனிமே மச்சான் பக்கம் சாயும் பாரு' என்று டிப்போ பேச ஆரம்பித்தது. அவனுக்கே மச்சான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேனேஜர் முதல் வாசல் பெருக்குகிறவர் வரை டிப்போ மொத்தத்துக்கும் அவன் மச்சான். அவனும் சிரித்துக்கொண்டே, "ஆமாய்யா, உங்க எல்லாருக்கும் அக்காவைக் கட்டிக்குடுத்தது நான்தான்" என்பான். நல்ல சிரிப்பு அவனுக்கு.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தராசு வேறு வழி கண்டுபிடித்தார். டிப்போவுக்குள் மாமா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்தார். ஓட்டை பஸ்ஸா, அது மச்சானுக்கு. மழைநாளில் சேற்று ரோடா, அது மச்சானுக்கு. புண் வந்து வரிசையில் சேர்த்தபோது, அவனுக்குப் பின்னால் வந்த இரண்டு பேரை அவனுக்கு முன்னால் தள்ளினார். அதைக் கண்டு ஒருவனும் வாய் திறக்கவில்லை. தனக்கு வேண்டியவனைத் தண்டித்தால் ஊர் அதற்கு நேர்மை என்று பெயர் வைக்கும். தண்டனை வாங்குகிறவனை யார் கேட்டார்கள்?

"அவனுக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார் மனைவியிடம். "சின்ன வயசு. தாங்குவான்."

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

மச்சான் தனியாகத்தான் இருந்தான், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில். மாமா வீட்டிலிருந்து வேலைக்கு வந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று அவனே போய்விட்டான். மதிய ஷிப்ட் நாட்களில் அக்கா முற்பகலில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். தராசு விடியுமுன்னே டிப்போவுக்குப் போய்விடுகிறவர் என்பதால் அவள் போவதும் வருவதும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் முயன்றதில்லை.

ஒருநாள், பாட்டுக்கார டிரைவரின் முறை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுகிறவர், ஆள் நல்லவர்தான். அவர் ஆஸ்பத்திரியில் படுத்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஸ்டெப்னி அவருடைய பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். மதிய ஷிப்டுக்கான வில்லைகளை வாங்க ஜன்னலுக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மச்சான் ஜன்னலுக்கு வந்தபோது கையை நீட்டவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"மாமா," என்றான்.

பின்னால் பேச்சு நின்றுவிட்டது. தராசுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அந்த ஜன்னலில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"இங்க யாருடா மாமா? சார்னு சொல்லு."

"இன்னைக்கு முடியல. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. நேத்துலேர்ந்து கறுப்பா..."

"எல்லாருக்கும்தான் முடியல." தராசு குரலை உயர்த்தினார். அவனுக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையில்லை. வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டியிருந்தது. "பாட்டுக்காரர் இன்னும் வெளிய வரல. அவர் வந்தாலும் உனக்கு முன்னாடி ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கும் கடவுள் வயிறுதான் வெச்சிருக்கான், உனக்கு மட்டும் இல்ல."

யாரோ ஒருவன் சிரித்தான். மச்சானும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

தராசு ஒன்றும் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவன் முகத்தைப் பார்த்ததும், போடா, பஸ் நின்றால் நிற்கட்டும், மெமோ வந்தால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. பின்னால் நின்ற முகங்களைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் மச்சானுக்கு முன்னால் இருந்தவர்கள். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து, டிரைவர்களுக்காக வைத்திருந்த ரோஸ் மருந்து பாட்டிலை எடுத்து வில்லையோடு சேர்த்து நீட்டினார். அவன் விரல் பட்டபோது ஐஸ் மாதிரி இருந்தது. அதையும் கவனித்தார்.

"சரி, சார்," என்று வாங்கிக்கொண்டு போனான். அடுத்த ஆள் கையை நீட்டினான்.

ஒரு பஸ் நின்றால் உலகம் நின்றுவிடுமா? ஜனங்கள் திட்டிக்கொண்டே நடந்து போயிருப்பார்கள், அவ்வளவுதான். இது அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பஸ்ஸை எடுக்கச் சொன்னது பஸ்ஸுக்காக அல்ல. தன் பட்டத்துக்காக. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தராசுக்கு வயிற்றுவலியே கிடையாது. ஆயுசுக்கும் நேரத்துக்குச் சாப்பிட்ட ஆள்.

மச்சான் இரண்டு டிரிப் அடித்தான். கண்டக்டர் பிற்பாடு சொன்னதுதான் இதெல்லாம். மூன்றாவது டிரிப்பில், கடைத்தெரு தாண்டி ஒரு ஸ்டாப்பில், வண்டியை ஓரமாக ஒட்டி நிறுத்தினான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். இன்ஜினை அணைத்தான். சாவியை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டி, "எல்லாரையும் இறக்கிவிட்டுடுண்ணே, வண்டி இனிமே போகாது," என்றான். என்ன ரிப்பேர் என்று கண்டக்டர் கேட்பதற்குள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து வாந்தி எடுத்தான். காபிப்பொடி கரைத்த மாதிரி முதலில் வந்ததாம். அப்புறம் வந்தது சிவப்பு. பஸ்ஸில் இருந்தவர்கள் அலறி இறங்கினார்கள். ஒரு பெண் மட்டும் தன் துண்டை நனைத்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் வந்தாள். அவள் யாரோ எவளோ. யார் முறை என்று அவள் கேட்கவில்லை.

தராசு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வார்டு வாசலில் பாட்டுக்காரர் நின்றார். ஆஸ்பத்திரி உடுப்பு, தலை வாரி, தெளிந்த முகம். தராசைப் பார்த்ததும் அந்த முகம் கோணிக்கொண்டது.

"நேத்தே வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாங்கண்ணே. நான்தான் இன்னும் ஒரு நாள் இருக்கேன்னு கெஞ்சினேன். மறுபடி முறை எப்ப வருமோன்னுதானே..." சுவரில் தலையை முட்டிக்கொண்டார். தராசு அவரைத் தடுக்கவில்லை.

அவருக்குப் பின்னால் அவருடைய கட்டில் தெரிந்தது. விரிப்பு கசங்காமல் இருந்தது.

ரத்தம் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் மங்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மச்சான் போய்விட்டான் என்று தராசுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு நாளா உள்ள கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. இன்னைக்கு மத்தியானம் வந்திருந்தாக்கூடப் போதும், பொழைக்க வெச்சு அனுப்பியிருப்பேன்," என்றார். பிறகு அவரை அடையாளம் கண்டுகொண்டார். "இவருக்கு எத்தனாவது முறைன்னு வெச்சிருந்தீங்க?"

மூணாவது என்று தலைக்குள் பதில் தயாராக இருந்தது. அந்த நேரத்திலும் தயாராக இருந்ததுதான் கொடுமை. டாக்டரம்மா பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்.

விஷயம் தெரிந்து டிப்போ ஆட்கள் ஷிப்ட் முடிந்த கையோடு கூட்டமாக வந்தார்கள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே தராசைச் சூழ்ந்து நின்றார்கள். மச்சானுக்கு முன்னால் வரிசையில் இருந்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசின் கையைப் பிடித்தார்.

"உன்னை என்னென்னவோ பேசியிருக்கோம்ண்ணே. மச்சானுக்கு வளைஞ்சு குடுப்பேன்னு சொல்லியிருக்கோம். பெத்த பிள்ளை மாதிரி இருந்தவனுக்கே முறை மாத்தலையே நீ. இனிமே ஒருத்தன் உன்னைப் பத்தித் தப்பாப் பேசட்டும், பாத்துக்கறேன்."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள் பாவிகள். இந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காக எத்தனை வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்! கையை உருவிக்கொண்டு உள்ளே போனார்.

மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டிப்போவிலிருந்து யாரோ போன் செய்து, வரும்படி சொல்லியிருந்தார்கள். வரும்போது அவளிடம் ஒரு துணிப்பை இருந்தது; அதை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. அழுது முடித்த முகம் இல்லை அது, ஆரம்பிக்காத முகம். தராசு பக்கத்தில் உட்கார்ந்தார். தோளைத் தொடப் போனவர் தொடவில்லை. எதிரே ஒரு நர்ஸ் தள்ளுவண்டியில் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க," என்றாள் அவள், திரும்பாமல். "தம்பி உங்ககிட்ட வந்து கேட்டானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் நடந்தது. கேட்டுக்கு வெளியே அதைக் கண்ட ஆட்கள் நிற்கிறார்கள். இன்றில்லாவிட்டால் நாளை அவள் காதுக்கு வந்தே தீரும். ஆனால் நாளை என்பது நாளைக்குத்தானே. இந்த நிமிஷத்தைத் தாண்டினால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"கேக்கலம்மா," என்றார். "கேட்டிருந்தா விட்டிருப்பேனா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா, நானே தூக்கிட்டு வந்து சேத்திருப்பேன். அழுத்தக்காரன். கேக்கவே இல்ல."

சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மை மாதிரி இருந்தது. கண்ணீர்கூட வந்தது.

அவள் மடியிலிருந்த பையைப் பெஞ்சில் இறக்கி வைத்தாள். அதில் ஒரு லுங்கி, ஒரு துண்டு, தம்ளர், சோப்பு டப்பா எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. அப்போதுதான் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சாப்பாடு குடுக்கப் போனேன். கட்டில்ல சுருண்டு கிடந்தான். தார் மாதிரி போகுதுக்கான்னான். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். முறை தப்பிப் போனா மாமாவைக் கேவலமாப் பேசுவாங்கக்கா, வேணாம்னான்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான்தான் எழுப்பி, சட்டை மாட்டி, உங்ககிட்ட அனுப்பி வெச்சேன். போய்க் கேளுடா, மாமா உனக்கு இல்லேன்னு சொல்ல மாட்டாருன்னு சொன்னேன். அனுப்பிட்டு, ஆஸ்பத்திரில படுக்கறதுக்கு இந்தப் பையைக் கட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."